பைபிளைப் போட்டுப் பிடித்த இடம்

என் பாஸ்போர்ட் காணாமல் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துச் சர்ச்சில். மறுநாள் விடிந்ததும் வேன் ஏறி, சாயங்காலம் கொழும்பில் விமானம் பிடிக்க வேண்டும். புதன்கிழமை காலை செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் என் மகள் செல்விக்குப் பிரசவ ஆபரேஷன். கல்யாணமாகி ஏழு வருடம் காத்திருந்து உண்டான பிள்ளை. நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறது, வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று டாக்டரம்மா நாள் குறித்துவிட்டார். மருமகன் குவைத்தில். என் வீட்டுக்காரர் கர்த்தரிடத்தில் போய்ப் பல வருடம் ஆகிறது. என்னை விட்டால் அவளுக்குப் பக்கத்தில் நிற்க ஆள் கிடையாது. அப்படிப்பட்ட நேரத்தில் நான் அந்நிய நாட்டில், கையில் ஒரு காகிதமும் இல்லாமல் நின்றேன்.

அதைக் கர்த்தர் எப்படித் திருப்பித் தந்தார் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் முழுதும் சொல்ல வேண்டுமானால் என் குணத்தையும் சொல்ல வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம். பரவாயில்லை, தாராவி சபையில் எல்லாருக்கும் அது ஏற்கெனவே தெரியும்.

என் பெயர் எஸ்தர். வயது ஐம்பத்துமூன்று. கோவண்டியில் வீடு. சி.எஸ்.டி. ஸ்டேஷன் பக்கம் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற ஒரு கம்பெனியில் துணி வெட்டுகிற வேலை, இருபத்திரண்டு வருடமாக. அப்படியென்றால் இருபத்திரண்டு வருடமாக ஹார்பர் லைன் ரயிலில் லேடீஸ் டப்பா என்று அர்த்தம். பன்வேலில் கிளம்பும்போதே அந்த ரயில் நிரம்பிவிடும். கோவண்டியில் ஏறுகிறவளுக்கு யாரும் எழுந்து இடம் தர மாட்டார்கள், நாம்தான் பிடிக்க வேண்டும். ஏறிய உடனே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்தியிடமும் "கஹாம் உதரேகி?" என்று கேட்க வேண்டும். எங்கே இறங்குவாய் என்று. ஒருத்தி குர்லா என்று சொல்லிவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து அந்த இடம் நம்முடையது. வேறு யாராவது நுழைந்தால் விடக் கூடாது. நான் விட்டதே இல்லை. என் சத்தத்துக்குப் பயந்து இடம் கொடுத்தவர்கள் பன்வேல் வரைக்கும் இருக்கிறார்கள்.

இந்தப் பழக்கத்தை நான் கோயிலுக்கும் கொண்டுபோயிருந்தேன். எங்கள் திருநெல்வேலிக்காரர் வாயில் சர்ச்சும் கோயில்தான். தாராவியில் எங்கள் கோயில் சின்னது, ஜனம் அதிகம், மே மாதத்தில் உள்ளே மூச்சு விட முடியாது. இரண்டாவது பெஞ்ச், நடைபாதை ஓரம், நேர் மேலே ஃபேன். எட்டரை மணி ஆராதனைக்கு நான் ஏழே முக்காலுக்கே வந்து அந்த இடத்தில் பைபிளை வைத்துவிட்டு வெளியே போவேன். டீ குடிப்பேன். கேட்டில் நின்று நாலு பேரிடம் பேசுவேன். பாட்டு ஆரம்பித்த பிறகு சாவகாசமாக உள்ளே வருவேன். இடம் இருக்கும். இது என் பழக்கம் மட்டும் இல்லை. எங்கள் கோயிலில் பாதிப் பேர் இப்படித்தான். ஆனால் ஃபேனுக்கு அடியில் கிடக்கிற பைபிள் எஸ்தருடையது என்று பாடகர் குழுவுக்குக்கூடத் தெரியும்.

இனி பயணத்துக்கு வருகிறேன். செல்விக்குக் குழந்தை இல்லாமல் ஏழாவது வருடம் நடந்தபோது நான் ஒரு பொருத்தனை செய்தேன். "ஆண்டவரே, என் பிள்ளைக்கு ஒரு பிள்ளை தாரும். நம்ம சபை வருசா வருசம் அனுப்புற ஊழியப் பயணத்துக்கு நானே போய் தையல் சொல்லிக்கொடுக்கேன்" என்றேன். இரண்டு மாதத்தில் அவள் உண்டானாள். ஆண்டவர் தம்முடைய பக்கத்தை முடித்துவிட்டார். நான் என் பக்கத்தை முடிக்க வேண்டாமா? பயணத் தேதி வந்தபோது அவளுக்கு எட்டாம் மாதம் பாதி நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு நாள், திரும்பிவந்தால் ஆபரேஷனுக்கு முழுசாக ஒரு நாள் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். செல்விக்கு மனமே இல்லை.

"மம்மி, பொருத்தனைய அடுத்த வருசம் நிறைவேத்தினா ஆண்டவர் கோவிச்சுக்குவாரா க்யா?" என்றாள்.

"வாக்கு வாக்குதாம்ட்டி" என்றேன்.

"டீக் ஹை. புதன்கிழம காலைல கண்ண முழிச்சா நீ என் பக்கத்துல இருக்கணும். பஸ், அவ்வளவுதான்."

இருப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

பத்துப் பேர் போனோம். எங்களுக்குத் தலைவர் சாமுவேல் தம்பி. பேங்கில் வேலை, எங்கே போனாலும் லிஸ்ட் போடுகிற ஆள். எங்கள் எல்லாருக்கும் இடுப்பில் கட்டுகிற சின்னப் பை ஒன்று வாங்கிக் கொடுத்து, பாஸ்போர்ட்டை அதில்தான் வைக்க வேண்டும் என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. "பையெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடு தம்பி. நான் என் பைபிளை விட்டு ஒரு நாளும் பிரிய மாட்டேன்" என்றேன். என் பைபிள் என்றால் அது ஒரு பீரோ. ரயில் பாஸ், காணிக்கைக் கவர், பிரஷர் மாத்திரை, என் வீட்டுக்காரர் போட்டோ, செல்வியின் ஸ்கேன் ரிப்போர்ட் நகல் எல்லாம் அதற்குள்தான். பயணத்துக்காகச் செல்வி புதிதாக ஒரு ஜிப் வைத்த உறை வாங்கித் தந்திருந்தாள். மெரூன் கலர், மேலே தங்க நிறத்தில் சிலுவை. பாஸ்போர்ட் அதற்குள் அம்சமாகப் பொருந்தியது.

தோட்டத்தில் நாங்கள் இருந்த நாட்கள் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள். காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி. மத்தியானத்துக்கு மேல், கொழுந்து பறித்துவிட்டு வருகிற பெண்களுக்குத் தையல் வகுப்பு. ஆறு மெஷின், பதினெட்டுப் பேர். ஜாக்கெட் வெட்டச் சொல்லிக்கொடுத்தேன். "டீச்சர், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, ரயிலு போற மாதிரி இருக்கு" என்று சிரிப்பார்கள். பேசுவதை மெதுவாக்க முடியவில்லை, கத்தரியை மெதுவாக்கினேன். கடைசி வாரத்தில் பதினெட்டுப் பேரும் அவரவர் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தக் கடைசி ஞாயிறு. நானும் ஸ்டெல்லா அக்காவும் எட்டு மணிக்கே கோயிலுக்குப் போனோம். ஸ்டெல்லா அக்கா என் பக்கத்துத் தெரு, பயணத்தில் எனக்கு ஜோடி. உள்ளே நுழைந்ததும் என் கால் தானாக இரண்டாவது பெஞ்சுக்குப் போனது. கண் தானாக மேலே ஃபேனைத் தேடியது. அந்தக் குளிரில் ஃபேன் எதற்கு? ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஃபேன் தேடிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆனாலும் நடைபாதை ஓரத்தில் பைபிளை வைத்தேன். இடம் பிடித்தாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரிக்கிற இடத்துக்குப் போய்விட்டேன்.

முந்தின நாள் ஜெபக்கூட்டத்தில் சாமுவேல் தம்பி ஒரு அறிவிப்புச் சொல்லியிருந்தான். எங்கள் சபை கொடுத்துவிட்ட முப்பது புதுப் பைபிள்களையும் ஞாயிறு காலை பெஞ்சுகளில் வைக்கப்போகிறோம், பைபிள் இல்லாதவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம் என்று. நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். அந்த நேரம் ஒரு மெஷினுக்கு ஊசி மாற்றிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

முதல் பாட்டு பாதியில் இருக்கும்போது உள்ளே வந்தேன். என் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு குழந்தை. எனக்குச் சுர்ரென்று வந்தது. குர்லாவில் வருமே, அதே கோபம்.

தோளில் தட்டி, "ஏம்மா, எந்திரி. இது நான் எடம் போட்டது" என்றேன்.

"யாரும் இல்லேன்னு ஒக்காந்தேங்க..."

"எட்டு மணிக்கே போட்டாச்சு. பின்னாடி நெறைய எடம் கெடக்கு, போ."

அவள் குழந்தையையும் முந்தானையையும் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நான் உட்கார்ந்தேன். பாட்டில் சேர்ந்துகொண்டேன். நல்ல சத்தமாகவே பாடினேன் என்று நினைக்கிறேன்.

வேதபாடம் வாசிக்கிற நேரத்தில் கையை நீட்டினால் பைபிள் இல்லை. அன்றைக்கு வாசிக்கிறது ஸ்டெல்லா அக்காதான். என்னுடையதில் எழுத்துப் பெரிது என்று அடிக்கடி அதைக் கேட்டு வாங்குவாள். அவள்தான் எடுத்திருப்பாள் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். ஆராதனை முடிந்து, கை குலுக்கி, போட்டோ எடுத்து, ஜனம் எல்லாம் மலையிறங்கிப் போன பிறகுதான் கேட்டேன்.

"ஏட்டி, ஒம் பைபிள நான் எதுக்கு எடுக்கேன்? நான் என் பைபிளத்தான் வாசிச்சேன்" என்றாள் ஸ்டெல்லா அக்கா.

பெஞ்சுக்கு மேலே, கீழே, பின்னே எல்லாம் தேடினோம். சாமுவேல் தம்பி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மாறியது.

"அக்கா, பெஞ்சுல வச்சீங்களா? எதுக்கு அக்கா பெஞ்சுல வச்சீங்க?"

"எடம் பிடிக்கத்தான்."

"ஐயோ, இங்க அந்தப் பழக்கமே கெடையாதே! உறை வேற புத்தம்புதுசு. பரிசுன்னு நெனச்சு யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க அக்கா."

அந்த யாரோ யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் எழுப்பிவிட்ட பெண்தான். முந்தானைக்குள் என் பைபிளும் இருந்திருக்கிறது. இடம் பிடிக்கப் போட்ட பொருளோடு சேர்த்து நானே அவளைத் துரத்திவிட்டிருக்கிறேன்.

தோட்டத்துப் போதகர் பொறுமையான மனிதர். "கவலப்படாதீங்கம்மா, ஆள் அடையாளம் சொல்லுங்க, கண்டுபிடிச்சிரலாம். என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டார்.

வயதை நான் கவனிக்கவில்லை.

"சேல என்ன கலரும்மா?"

தெரியவில்லை.

"ஒசரமா, குட்டையா? முகம் எப்படி?"

நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. தோளில் தட்டினேன், பேசினேன், எழுப்பினேன், அவள் இடத்தில் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. இடத்தைத்தான் பார்த்தேன். "கையில ஒரு பிள்ள வச்சிருந்தா" என்று மட்டும் சொன்னேன். அந்தக் கோயிலுக்கு வந்த பெண்களில் பாதிப் பேர் கையில் பிள்ளை இருந்தது.

சாமுவேல் தம்பி தனியே கூப்பிட்டு நிலைமையைச் சொன்னான். கிடைக்காவிட்டால் போலீசில் எழுதிக்கொடுக்க வேண்டும், பிறகு கொழும்பு போய் இந்தியத் தூதரகத்தில் தற்காலிகக் காகிதம் வாங்க வேண்டும், வியாழனோ வெள்ளியோ ஆகிவிடலாம் என்றான். புதன்கிழமை என்கிற வார்த்தையை அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துச் செல்வி போன் செய்தாள். "மம்மி, பேக்கிங் முடிஞ்சுதா? பாஸ்போர்ட் எங்க வச்சிருக்க?"

"பைபிள்லதாம்ட்டி இருக்கு" என்றேன். பொய் இல்லை. பைபிளில்தான் இருந்தது. போனை வைத்துவிட்டு ஓவென்று அழுதேன்.

காலியான கோயிலில் அந்த இரண்டாவது பெஞ்சில் முழங்கால் போட்டேன். என்ன ஜெபித்தேன் தெரியுமா? "ஆண்டவரே, உமக்குச் சொன்ன பொருத்தனைக்காகத்தானே வந்தேன்? உம்ம வேலைக்கு வந்த இடத்துல இப்படிச் செய்யலாமா? என் பாஸ்போர்ட்ட இப்பவே தாரும்" என்றேன். ஜெபம் மாதிரியே இல்லை. ரயிலில் சண்டை போடுகிற மாதிரி இருந்தது. மனதில் ஒரு சமாதானமும் வரவில்லை.

ஒரு மணிக்கு எல்லாரும் தேடக் கிளம்பினோம். தோட்டத்தில் வீடுகளை லயம் என்பார்கள். ஒரே நீளக் கட்டடத்தில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு குடும்பம், ஆளுக்கு ஒரு அறை. சாமுவேல் தம்பியும் மற்றவர்களும் ஒரு பக்கம், போதகர் ஒரு பக்கம், நானும் ஸ்டெல்லா அக்காவும் ஒரு பக்கம். கதவு கதவாகத் தட்டினோம்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் முக்கியம். முதல் வீட்டில் கதவைத் திறந்த அம்மா, நாங்கள் எதற்கு வந்தோம் என்று கேட்பதற்கு முன்னால், "வாங்க, ஒக்காருங்க" என்றார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்த அவர் வீட்டுக்காரர் எழுந்து, துண்டால் தட்டிவிட்டு எனக்குப் போட்டார். அவர் காலில் கட்டு இருந்தது. இரண்டாவது வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வீட்டில் நாற்காலி இல்லை, அரிசி மூட்டையின் மேல் சாக்கை விரித்து உட்காரச் சொன்னார்கள். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி. வேண்டாம் என்றால் கேட்கவில்லை. அன்றைக்கு நான் குடித்த தேத்தண்ணிக்கு அளவே இல்லை.

ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இவளா, அவளா என்று தேடுவதற்காகத்தான் பார்த்தேன். ஆனால் பார்த்தால் முகம் மனதில் நிற்கத்தானே செய்யும்? என் தையல் வகுப்புப் பெண்களையே அன்றுதான் சரியாகப் பார்த்தேன். ஒருத்திக்குக் கன்னத்தில் குழி விழும். பன்னிரண்டு நாளாக அவளுடைய ஜாக்கெட்டின் கை அளவு எனக்குத் தெரியும், அந்தக் குழி தெரியாது.

மூன்றாவது லயத்தில், கடைசி வீடு. வயதான ஒரு பெண், தனியாள். எழுந்து தன்னுடைய முக்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்க ஒக்காருங்கம்மா" என்றேன். "நான் நெதமும் ஒக்கார்றேன். நீங்க தூரத்துல இருந்து வந்தவங்க" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அந்த முக்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அங்கேதான் நான் நிஜமாக ஜெபித்தேன். "ஆண்டவரே, நான் ஒரு பிள்ளத்தாச்சிக்காக அழுதுட்டு, கையில பிள்ளயோட உட்கார்ந்திருந்த ஒருத்திய எழுப்பிவிட்டேனே. உம்ம கோயில்ல வச்சு எழுப்பிவிட்டேனே. பாஸ்போர்ட்ட நீர் எப்பத் தந்தாலும் சரி. என் செல்விய நீரே பாத்துக்கிடும். அந்தப் பொண்ணு முகத்த மட்டும் எனக்கு ஒரு தடவ காட்டும். நான் அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்." அவ்வளவுதான் கேட்டேன். நெஞ்சு லேசானது. ஸ்டெல்லா அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மணி நாலு ஆச்சுட்டி, வா, மேல போவோம்" என்றாள்.

மூடுபனி இறங்க ஆரம்பித்திருந்தது. கோயிலை நெருங்கும்போது கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டாவது பெஞ்சில், நடைபாதை ஓரத்தில், ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியாமல்தானே போகும்?

"யாரும்மா? யாரப் பாக்கணும்?" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் பதறிப்போய் எழுந்தாள். குழந்தையை அள்ளிக்கொண்டு, பெஞ்சை விட்டு விலகி, "இந்தா எந்திரிச்சிட்டேங்க அக்கா. யாரும் இல்லேன்னுதான் ஒக்காந்தேன்" என்றாள்.

என் ஜென்மத்தில் எந்தப் பிரசங்கமும் என்னை அப்படிக் குத்தியது இல்லை.

"ஒக்காரு தாயி, ஒக்காரு. நீ எந்திரிக்கவே கூடாது" என்று அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயசு, செல்வியைவிடச் சின்னவள். கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம். பச்சை ஸ்வெட்டர், ஒரு பொத்தான் இல்லை.

அவள் பெயர் கலாராணி. அதே தோட்டத்தின் கீழ்ப் பகுதி, கீழ் டிவிஷன் என்பார்கள், மலையில் ஒரு மணி நேரம் இறங்க வேண்டும். கோயிலுக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருக்கிறாள். அவளுடைய மூத்த பெண் எங்கள் விடுமுறைப் பள்ளிக்கு வந்த பிள்ளை, ஆராதனையில் பாடுகிற கூட்டத்தில் நின்றாள். மகள் பாடுவதைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும் என்றுதான் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறாள். பெஞ்சில் அழகாக ஒரு புத்தகம் இருந்தது, போதகரும் ஆரம்பத்திலேயே பைபிள் இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார், எடுத்து மடியில் வைத்தாள். நான் எழுப்பிவிட்டதும் பின்னால் போய் நின்றாள், அங்கிருந்து மகள் தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சமைத்து முடித்துவிட்டு ஜிப்பைத் திறந்து பார்த்திருக்கிறாள். பாஸ்போர்ட் விழுந்தது. போட்டோவைப் பார்த்தாள்.

"பாத்ததும் தெரிஞ்சிருச்சுங்க அக்கா, காலைல என்னைய எழுப்பிவிட்ட அக்கான்னு" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்திருந்தாள். அந்தப் போட்டோவில் என்னைப் பெற்றவர்களே என்னை அடையாளம் சொல்ல மாட்டார்கள், அவள் சொன்னாள். மூத்தவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சின்னதைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்திருக்கிறாள். வந்து பார்த்தால் கோயிலில் ஒருவரும் இல்லை. நாங்கள் எல்லாரும் அவளைத் தேடித்தானே போயிருந்தோம்!

"எத்தன மணிக்கும்மா வந்த?" என்று கேட்டேன்.

"மூணு மணிக்கே வந்துட்டேங்க."

நான் அந்த முக்காலியில் அழுதது நாலு மணிக்கு. நான் ஒழுங்காக ஜெபிக்க ஆரம்பிப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே கர்த்தர் அவளைக் கொண்டுவந்து என் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார். நான் கேட்டதில் அவள் முகம் ஒன்றுதான் இருந்தது. முகத்தோடு பாஸ்போர்ட்டும் வந்தது.

மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அது கூச்சமாகப் போய்விட்டது. "அதெல்லாம் விடுங்க அக்கா" என்றாள். பாஸ்போர்ட், மாத்திரை, ரிப்போர்ட் எல்லாவற்றையும் எண்ணி எண்ணி என் கையில் வைத்தாள். என் வீட்டுக்காரர் போட்டோவைத் துடைத்துக் கொடுத்தாள். கடைசியில் பைபிளை நீட்டும்போது மட்டும் கை தயங்கியது. அதற்குள் தேடிவிட்டுத் திரும்பியிருந்த சாமுவேல் தம்பி புரிந்துகொண்டு பெட்டியில் மீதமிருந்த புதுப் பைபிள் ஒன்றைக் கொண்டுவந்தான்.

அவள் புதியதையும் பார்த்தாள், என்னுடையதையும் பார்த்தாள். "இதையே வச்சிக்கலாமா அக்கா? இதுல கோடு போட்டிருக்கு. எங்க வாசிக்கணும்னு தெரியும்."

இருபத்திரண்டு வருடம் நான் வாசித்த பைபிள். கொடுத்துவிட்டேன், மெரூன் உறையோடு. கொடுக்கும்போது மனம் கொஞ்சம் பிசைந்தது, அதையும் மறைக்க மாட்டேன். பிறகு அவள் ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி, பொத்தான் தைத்துக் கொடுத்தேன். வேனில் அவளைக் கீழ் டிவிஷன் வரை கொண்டுபோய் விட்டோம். முன் சீட்டில் அவளை உட்காரவைத்தேன்.

புதன்கிழமை காலை செல்வி கண் விழித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெண் குழந்தை. ஏழு வருடக் காத்திருப்பு என் இரண்டு கைக்குள் அடங்கிவிட்டது. மூன்றாம் நாள் நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மம்மி, ஹஸா மத், டாங்கா துக்தா ஹை" என்றாள். சிரிக்க வைக்காதே, தையல் வலிக்கிறது என்று அர்த்தம். குழந்தைக்குக் கலாராணி என்று பெயர் வைக்கலாமே என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். பெயர் எல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டதாம். அந்த இடத்தையும் யாரோ முன்னாலேயே பிடித்துவிட்டார்கள்.

கலாராணி எனக்குப் போனில் குரல் பதிவு அனுப்புகிறாள். "அக்கா, செவப்புக் கோடு எல்லாம் வாசிச்சு முடிச்சிட்டேன், இப்ப நீலக் கோடு ஆரம்பிச்சிருக்கேன். செவப்புக்கும் நீலத்துக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள். என்ன சொல்வது? கம்பெனியில் துணிக்குக் குறி போடுகிற பென்சில் எது கையில் அகப்பட்டதோ, அதனால் போட்ட கோடு. இரண்டும் நல்லதுதான், வாசி என்று சொல்லியிருக்கிறேன். இப்போது இரண்டு பிள்ளைகளோடும் ஞாயிறுதோறும் மலையேறி வருகிறாளாம். போதகர் சொன்னார்.

நான் திரும்பிவந்த முதல் ஞாயிறு, பழக்கதோஷத்தில் ஏழே முக்காலுக்கே தாராவி கோயிலுக்குப் போய்விட்டேன். ஃபேனுக்கு அடியில் இரண்டாவது பெஞ்ச் காலியாக இருந்தது. புதுப் பைபிளோடு கை அந்தப் பக்கம் போனது. இழுத்துக்கொண்டேன். வெளியே வந்து வாசலில் நின்றேன். வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தேன். எட்டரைக்குச் சற்று முன்னால் தயங்கித் தயங்கி ஒரு பெண் வந்தாள், கையில் சயான் ஆஸ்பத்திரி ஃபைல். அவளைக் கூட்டிக்கொண்டுபோய் அந்த இடத்தில் உட்காரவைத்தேன். நான் கடைசியில் தூண் ஓரமாக உட்கார்ந்தேன். அங்கே ஃபேன் கிடையாது. வேர்த்து ஊற்றியது. கர்த்தர் என்னைத்தான் மாற்றினார், தாராவி வெக்கையை மாற்றவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது.

ரயிலில் இப்போதும் "கஹாம் உதரேகி?" என்று கேட்கிறேன். கால் வலிக்கிறது, கேட்காமல் முடியாது. ஆனால் முதலில் முகத்தைப் பார்க்கிறேன். சில முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றுவதில்லை, என் இடத்தைக் கொடுக்கத் தோன்றுகிறது. என்னோடு தினமும் வருகிறவர்கள் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரிக்கிறார்கள்.

இதை வாசிக்கிறவர்களே, உங்கள் கையைவிட்டும் ஏதாவது போயிருக்கலாம். அது இல்லாமல் ஊர் போய்ச் சேர முடியாது என்கிற நிலையிலும் நீங்கள் நிற்கலாம். என் ஆண்டவரிடம் கேளுங்கள். என்னைப்போல் சண்டை போட்டுக் கேட்டாலும் அவர் கோபிப்பதில்லை, கொஞ்சம் அலையவிட்டுச் சரிசெய்து தருகிறார். எங்கே போய்க் கேட்பது என்று தெரியாவிட்டால் ஞாயிறு காலை எட்டரைக்கு எங்கள் கோயிலுக்கு வாருங்கள். எட்டேகாலுக்கு நான் வாசலில் நிற்பேன். ஃபேனுக்கு அடியில், இரண்டாவது பெஞ்சில், நடைபாதை ஓரத்து இடம் காலியாக இருக்கும். அதில் யாருடைய பைபிளும் கிடக்காது. வந்து உட்காருங்கள்.